ஆங்கிலத்தில் வினையடைக்கு எது இடம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஆல்வேஸ்', 'ரியலி', 'ப்ராபப்லி', 'ஒன்லி', 'கேர்ஃபுலி' போன்ற சொற்களைத்தான் இங்கே வினையடை என்கிறேன். ஒரு செயல் எப்படி நடக்கிறது, எவ்வளவு அடிக்கடி நடக்கிறது, எந்த அளவுக்கு நிச்சயம் என்றெல்லாம் சொல்பவை. இவற்றின் பொருள் நம்மில் பலருக்குத் தெரியும். பேச்சின் நடுவில் எங்கே செருகுவது என்பதில்தான் நாக்கு தடுமாறும். இந்தக் கேள்விகளை வருடக்கணக்காகப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் பிறரிடம் கேட்டவைதான். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், பாதி விஷயம் காதுக்கே பிடிபட்டுவிடும்.

பெரும்பாலான வாக்கியங்களுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு விதி இருக்கிறதா?

இருக்கிறது. எழுவாயைச் சொல்லியாயிற்று, முக்கிய வினை இன்னும் வரவில்லை. அந்த இடைவெளிதான் வினையடையின் இயல்பான இடம்.

"ஐ ஆல்வேஸ் லாக் த டோர்." "ஷீ ரேர்லி காம்ப்ளெய்ன்ஸ்." "தே ஆஃபன் ஃபர்கெட் மை நேம்."

'இஸ்', 'ஹேஸ்', 'வில்', 'கேன்' போன்ற துணைவினை ஒன்று இருந்தால், அதைத் தாண்டி உட்கார வேண்டும்: "ஷீ ஹேஸ் ஆல்வேஸ் ஹெல்ப்ட் மீ." "ஐ வில் நெவர் ஃபர்கெட் திஸ்."

இதை நினைவில் வைக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். அதே வாக்கியத்தில் 'நாட்' வந்தால் எங்கே வரும் என்று யோசியுங்கள். "ஷீ ஹேஸ் நாட் சீன் இட்" என்போம். அந்த 'நாட்'டை எடுத்துவிட்டு 'நெவர்' போட்டால் "ஷீ ஹேஸ் நெவர் சீன் இட்". "ஹீ இஸ் நாட் லேட்" என்பதில் 'ஆல்வேஸ்' போட்டால் "ஹீ இஸ் ஆல்வேஸ் லேட்". 'நாட்'டின் நாற்காலியில்தான் இவையும் உட்காருகின்றன. ஒரே வித்தியாசம், துணைவினை இல்லாத வாக்கியத்தில் 'நாட்' வருவதற்கு 'டூ' தேவை: "ஐ டூ நாட் லாக் த டோர்." 'ஆல்வேஸ்', 'நெவர்' போன்றவற்றுக்கு அந்த 'டூ' தேவையில்லை: "ஐ நெவர் லாக் த டோர்." இதனால்தான் "ஐ டோன்ட் நெவர் லாக்" என்று சொன்னால் கேட்பவருக்கு இரண்டு மறுப்பு காதில் விழுகிறது.

தமிழில் எங்கே வைத்தாலும் சரியாக இருக்கிறதே. ஆங்கிலத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தமிழில் பாருங்கள்:

நான் எப்போதும் கதவைப் பூட்டுவேன்.
எப்போதும் நான் கதவைப் பூட்டுவேன்.
நான் கதவை எப்போதும் பூட்டுவேன்.
கதவை நான் எப்போதும் பூட்டுவேன்.

நான்கும் சரி. அழுத்தம் கொஞ்சம் மாறுமே தவிர யார் பூட்டுகிறார், எதைப் பூட்டுகிறார் என்பதில் குழப்பமே கிடையாது. காரணம் 'கதவை' என்பதில் ஒட்டியிருக்கிற 'ஐ' உருபு. அந்த உருபு இருக்கிறவரை, கதவு வாக்கியத்தில் எங்கே போய் நின்றாலும் அது செயப்படுபொருள்தான்.

ஆங்கிலத்தில் 'த டோர்' என்ற சொல்லில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. வினைக்கு அடுத்தாற்போல் நிற்பதுதான் அதன் அடையாளம். நமக்கு உருபு செய்கிற வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது. அதனால் வினையும் அதன் செயப்படுபொருளும் ஒட்டியே நடக்கும், நடுவில் வேறொரு சொல் புகுந்தால் காது உடனே உறுத்தும். "ஐ லாக் ஆல்வேஸ் த டோர்" என்பது தவறாக ஒலிப்பது இதனால்தான்.

ஆனால் இது காரணத்தில் பாதிதான். ஃபிரெஞ்சிலும் பெயர்ச்சொல்லுக்கு உருபு கிடையாது. ஆனாலும் அங்கே 'நான் பூட்டுகிறேன் எப்போதும் கதவை' என்ற வரிசைதான் சரி. ஃபிரெஞ்சில் முக்கிய வினையே வினையடையைத் தாண்டி முன்னால் வந்துவிடுகிறது. பழைய ஆங்கிலத்திலும் வினைக்கு அந்தப் பழக்கம் இருந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் "ஐ நோ நாட்" என்று எழுதுவது சாதாரணம். 'நோ' என்ற வினை 'நாட்'டைத் தாண்டி முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். பிறகு அந்தப் பழக்கம் மெல்ல மெல்லப் போய், "ஐ டூ நாட் நோ" என்பதே நிலைத்தது. இன்று துணைவினைகளும் 'பீ' என்ற வினையும்தான் தாண்டுகின்றன, மற்ற வினைகள் தாண்டுவதில்லை. மொழியியலாளர் ழான் இவ் பொலோக் 1989இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஃபிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் எடுத்து ஆராய்ந்தது. 'அடிக்கடி' போன்ற ஒரு சின்னச் சொல் எங்கே நிற்கிறது என்பதை வைத்து, வினை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளக்க முடிந்தது.

துணைவினை ஒன்றுக்கு மேல் இருந்தால் எதற்குப் பின்னால் வைப்பது?

பொதுவாக முதல் துணைவினைக்குப் பின்னால். "ஷீ ஹேஸ் ஆல்வேஸ் பீன் வெயிட்டிங் ஃபார் திஸ்." "யூ குட் ஈஸிலி ஹேவ் ஃபாலன்."

ஆனால் செயலின் விதத்தைச் சொல்கிற 'கேர்ஃபுலி', 'பேட்லி', 'நீட்லி' போன்றவை முக்கிய வினையை ஒட்டியே இருக்க விரும்பும்: "த ரிப்போர்ட் ஹேஸ் பீன் கேர்ஃபுலி செக்ட்." இங்கே 'ஹேஸ் கேர்ஃபுலி பீன் செக்ட்' என்றால் இயல்பாக இல்லை. எத்தனை முறை, எவ்வளவு நிச்சயம் என்பவை முன்னால், எப்படி என்பது வினையின் பக்கத்தில். இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தாலும் சமாளிக்கலாம்: "இட் ஹேஸ் ப்ராபப்லி பீன் பேட்லி ரிட்டன்."

இந்த ஓர் இடம் மாறியதால் உண்மையில் யாருக்காவது சிக்கல் வந்திருக்கிறதா?

உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது வந்திருக்கிறது. அமெரிக்க அதிபரின் பதவிப் பிரமாணம் அந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே சொல்லுக்குச் சொல் எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் 35 சொற்கள். அதன் தொடக்கம் இப்படி: "ஐ டூ சாலம்லி ஸ்வேர் தட் ஐ வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட் தி ஆஃபிஸ் ஆஃப் ப்ரெசிடென்ட் ஆஃப் த யுனைடெட் ஸ்டேட்ஸ்."

2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமா பதவியேற்றபோது, தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் வரிகளைச் சொல்லிக்கொடுத்தார். கையில் தாள் இல்லை, நினைவிலிருந்து சொன்னார். 'ஃபெய்த்ஃபுலி' என்ற சொல் 'வில்'லுக்குப் பக்கத்தில் வராமல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. ஒபாமா "தட் ஐ வில் எக்ஸிக்யூட்" என்று சொல்லி நிறுத்தினார். நீதிபதி திருத்த முயன்றார், வரிசை மறுபடியும் சிக்கியது. கடைசியில் ஒபாமாவும் 'ஃபெய்த்ஃபுலி'யை இறுதியில் வைத்தே சொல்லி முடித்தார். அதனால் பொருள் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆனாலும் சட்டத்தில் உள்ளபடியே சொல்லவில்லை என்ற பேச்சு எழக்கூடாது என்று, மறுநாள் வெள்ளை மாளிகையில் அந்தப் பிரமாணத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டார்.

அந்த வரியைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். 'டூ'வுக்கும் 'ஸ்வேர்'க்கும் நடுவில் 'சாலம்லி'. 'வில்'லுக்கும் 'எக்ஸிக்யூட்'டுக்கும் நடுவில் 'ஃபெய்த்ஃபுலி'. இரண்டுமே துணைவினைக்கும் முக்கிய வினைக்கும் இடையில் நிற்கின்றன. நாம் பேசிக்கொண்டிருக்கிற அதே இடம்தான்.

'ஆம்', 'இஸ்', 'ஆர்' மட்டும் இருக்கிற வாக்கியத்தில்?

அவற்றுக்குப் பின்னால். "ஐ ஆம் யூஷுவலி அட் ஹோம்." "தே ஆர் நெவர் ரெடி."

இரண்டு இடங்களில் இது தலைகீழாகும். ஒன்று, குறுகிய பதில். "ஆர் யூ ஆல்வேஸ் திஸ் பிஸி?" என்று ஒருவர் கேட்டால், "யெஸ், ஐ ஆல்வேஸ் ஆம்" என்றுதான் பதில் வரும். 'ஆம்' கடைசிச் சொல்லாக அழுத்தத்தோடு நிற்கும்போது 'ஆல்வேஸ்' அதற்கு முன்னால் நகர்ந்துவிடுகிறது. மற்றொன்று, ஏவல் வாக்கியம். "ஆல்வேஸ் பீ கேர்ஃபுல்." "நெவர் பீ அஃப்ரெய்ட் டு ஆஸ்க்." இங்கே 'பீ கேர்ஃபுல் ஆல்வேஸ்' என்று இழுக்க வேண்டாம்.

"ஐ யெஸ்டர்டே வென்ட்" என்று சொன்னால் என்ன தவறு? 'யெஸ்டர்டே'யும் வினையடைதானே?

வினையடைதான். ஆனால் இந்த நடு இடத்துக்கு எல்லா வினையடைக்கும் அனுமதி கிடையாது. 'யெஸ்டர்டே', 'டுமாரோ', 'லாஸ்ட் வீக்', 'எவ்ரி டே' மாதிரி காலத்தைத் திட்டமாகச் சொல்பவை வாக்கியத்தின் முதலிலோ கடைசியிலோதான் வரும். "ஐ வென்ட் யெஸ்டர்டே." "யெஸ்டர்டே ஐ வென்ட்." இடங்களைச் சொல்லும் 'ஹியர்', 'அவுட்சைட்', 'அட் ஹோம்' போன்றவையும் அப்படித்தான், பெரும்பாலும் கடைசி.

'நான் நேற்றுப் போனேன்' என்ற தமிழ் வாக்கியத்தின் நிழல்தான் "ஐ யெஸ்டர்டே வென்ட்". 'தினமும் நடக்கிறேன்' என்பதை நினைத்து "ஐ டெய்லி வாக்" என்று சொல்வதும் அந்த வகைதான். "ஐ வாக் எவ்ரி டே" என்று சொல்லிப் பழகுங்கள், இந்த ஒரு பழக்கமே பேச்சைச் சட்டென்று இயல்பாக்கிவிடும்.

'சம்டைம்ஸ்' மட்டும் எங்கும் போகும். முதல், நடு, கடைசி மூன்றும் சரி. 'யூஷுவலி'யையும் முதலில் வைக்கலாம். ஆனால் 'ஆல்வேஸ்', 'நெவர்' இரண்டையும் சாதாரணப் பேச்சில் முதலில் வைக்காதீர்கள். 'நெவர்' முதலில் வந்தால் பின்னால் உள்ள வரிசையே புரண்டுவிடும்: "நெவர் ஹேவ் ஐ சீன் சச் அ கிரவுட்." இது மேடைப் பேச்சுக்கும் எழுத்துக்கும் பொருந்தும், தொலைபேசியில் நண்பரிடம் சொல்ல அல்ல.

"ஐ ரியலி டோன்ட் லைக் இட்", "ஐ டோன்ட் ரியலி லைக் இட்". இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது.

"ஐ ரியலி டோன்ட் லைக் இட்" என்றால், எனக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லை. கறாரான மறுப்பு. "ஐ டோன்ட் ரியலி லைக் இட்" என்றால், எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மென்மையான மறுப்பு. தமிழில் 'உண்மையிலேயே', 'அவ்வளவாக' என்று இரண்டு வேறு சொற்கள் தேவைப்படுகிற இடத்தில், ஆங்கிலம் ஒரே சொல்லை ஓர் இடம் நகர்த்தி வேலையை முடித்துக்கொள்கிறது.

இதன் பின்னால் இருக்கிற சூத்திரம் இதுதான்: நடு இடத்தில் நிற்கிற வினையடையின் ஆட்சி அதற்கு வலப்பக்கம் உள்ளவற்றின் மீதுதான். 'ரியலி' முன்னால் நின்றால் 'டோன்ட்' அதன் ஆட்சிக்குள் வருகிறது, மறுப்பே அழுத்தம் பெறுகிறது. 'டோன்ட்' முன்னால் நின்றால் 'ரியலி' மறுப்பின் ஆட்சிக்குள் போய்விடுகிறது, 'ரியலி'யே மறுக்கப்படுகிறது. 'உண்மையாகப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது' என்பது போல.

இதில் நானே மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பலர் சேர்ந்து வைத்திருந்த ஒரு கோப்பு என் கைதவறி அழிந்துவிட்டது. 'நான் வேண்டுமென்றே அழிக்கவில்லை' என்று சொல்ல நினைத்து, மின்னஞ்சலில் "ஐ டெலிபரேட்லி டிட் நாட் டெலீட் இட்" என்று எழுதினேன். "நல்லது, அப்படியானால் கோப்பு எங்கே இருக்கிறது?" என்று பதில் வந்தது. நான் எழுதியதற்கு 'தெரிந்தேதான் அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்' என்று பொருள். 'டெலிபரேட்லி'யை 'நாட்'டுக்குப் பின்னால் வைத்து, "ஐ டிட் நாட் டெலிபரேட்லி டெலீட் இட்" என்று எழுதியிருக்க வேண்டும். தமிழில் 'வேண்டுமென்றே அழிக்கவில்லை' என்ற ஒரே தொடர் இரண்டு பொருளையும் தாங்கும், சூழல் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள்.

'ப்ராபப்லி' எங்கே வரும்? சில சமயம் முன்னால், சில சமயம் பின்னால் கேட்கிறேன்.

நீங்கள் கேட்டது சரிதான். "ஹீ வில் ப்ராபப்லி கம்." ஆனால் "ஹீ ப்ராபப்லி வோன்ட் கம்." 'வோன்ட்' என்பதில் 'வில்'லும் 'நாட்'டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. 'ப்ராபப்லி' மறுப்புக்கு வெளியே இருந்தாக வேண்டும், 'வராமல் இருப்பது' முழுவதும் அதன் வலப்பக்கம் வர வேண்டும். ஒட்டிக்கொண்டதை உடைத்து நடுவில் நுழைய முடியாது, அதனால் மொத்தத்துக்கும் முன்னால் வந்துவிடுகிறது. 'வில் நாட்' என்று பிரித்துச் சொன்னால் மறுபடியும் இடம் கிடைக்கும்: "ஹீ வில் ப்ராபப்லி நாட் கம்." 'டெஃபினிட்லி', 'சர்ட்டன்லி'க்கும் இதே கணக்கு.

'ஸ்டில்'லும் இந்தக் குடும்பம்தான். "ஹீ ஸ்டில் ஹேஸன்ட் கால்ட்" என்றால் இன்னமும் கூப்பிடவில்லை. அதையே 'யெட்' வைத்துச் சொன்னால் அது கடைசிக்குப் போகும்: "ஹீ ஹேஸன்ட் கால்ட் யெட்." 'ஆல்ரெடி' நடுவிலும் வரும், கடைசியிலும் வரும்.

'ஒன்லி'யை எங்கே வைத்தாலும் குழப்பமாக இருக்கிறது. என்ன செய்வது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் தடுமாறுகிற சொல் இதுதான்.

தமிழில் 'மட்டும்', 'தான்' எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதன் முதுகிலேயே ஏறிக்கொள்ளும். 'தங்கையிடம் மட்டும் காட்டினேன்' என்றால் வேறு யாரிடமும் காட்டவில்லை. 'திங்கட்கிழமைதான் காட்டினேன்' என்றால் அதற்கு முன்பு காட்டவில்லை. 'காட்ட மட்டும் செய்தேன்' என்றால் கொடுக்கவில்லை. ஐயத்துக்கே இடமில்லை.

ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சில் 'ஒன்லி' பெரும்பாலும் வினைக்கு முன்னால் அந்த ஒரே இடத்தில் நிற்கும். "ஐ ஒன்லி ஷோட் த லெட்டர் டு மை சிஸ்டர் ஆன் மண்டே." மேலே சொன்ன மூன்று தமிழ் வாக்கியங்களுக்கும் இந்த ஒரே வாக்கியம் போதும். எதைக் குறிக்கிறது என்பதைக் குரல் சொல்லிவிடும். 'சிஸ்டர்' என்பதை அழுத்தினால் தங்கையிடம் மட்டும். 'மண்டே'யை அழுத்தினால் திங்கட்கிழமைதான். 'ஷோட்' என்பதை அழுத்தினால் காட்ட மட்டும் செய்தேன். சொல்லிப் பாருங்கள், மூன்று முறையும் வேறு வேறு வாக்கியமாகக் காதில் விழும்.

எழுதும்போது குரல் இல்லை. அதனால் எழுத்தில் குறிக்க வேண்டிய சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் வையுங்கள்: "ஐ ஷோட் த லெட்டர் ஒன்லி டு மை சிஸ்டர்." பேச்சில் நடு இடத்தில் வைப்பதைத் தவறு என்று சிலர் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தை நான் ஏற்பதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் அப்படித்தான் காலங்காலமாகப் பேசுகிறார்கள், கேட்பவருக்கும் புரிகிறது.

ஒன்றைத்தான் அந்த நடு 'ஒன்லி'யால் பெரும்பாலும் செய்ய முடியாது. எழுவாயைத் தொட முடியாது, எழுவாய் அதன் இடப்பக்கம் இருக்கிறதே. 'நான் மட்டும் காட்டினேன்' என்பதற்கு "ஒன்லி ஐ ஷோட் இட்" என்று முன்னால்தான் வைக்க வேண்டும். 'அவர்தான் சொன்னார்' என்பதை மனதில் வைத்துக்கொண்டு "ஹீ ஒன்லி டோல்ட் மீ" என்று சொல்கிறவர்கள் ஏராளம். 'தான்' அவரின் முதுகில் ஏறியிருக்கிற பழக்கத்தில் 'ஹீ'க்குப் பின்னால் 'ஒன்லி' வந்துவிடுகிறது. ஆனால் கேட்பவருக்கு 'என்னிடம் மட்டும் சொன்னார்', அல்லது 'சும்மா சொல்ல மட்டும் செய்தார்' என்று படும். "ஹீ இஸ் த ஒன் ஹூ டோல்ட் மீ" என்று சொல்லுங்கள், அவர்தான் என்பது துல்லியமாக வந்துவிடும்.

'நானும் வருகிறேன்' என்பதிலும் இதே கதை. 'உம்' நானோடு ஒட்டியிருக்கிறது. அதைப் பேச்சில் "ஐ வில் கம் டூ" என்று கடைசியில், 'உம்' என்று பொருள் தருகிற 'டூ' போட்டுச் சொல்வதே இயல்பு.

"ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்" தவறு என்கிறார்கள். அப்படியானால் "ஷீ வெல் ஸ்பீக்ஸ் இங்கிலிஷ்" என்பதா?

அதுவும் இல்லை. 'வெல்', 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' மூன்றும் சாதாரண வாக்கியத்தில் வினைக்கு முன்னால் வருவதே இல்லை. "ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்." "ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்." 'வெரி மச்'சும் கடைசியில்: "ஐ லைக் திஸ் சாங் வெரி மச்." "ஐ லைக் வெரி மச் திஸ் சாங்" என்பது வினையையும் செயப்படுபொருளையும் பிரிக்கிற அதே பிழை.

'ஹார்ட்லி'யை 'ஹார்ட்'டோடு கலக்காதீர்கள். "ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்" என்றால் அவர் வேலையே செய்வதில்லை என்கிற அளவுக்குப் பொருள் போய்விடும். விண்ணப்பக் கடிதத்தில் தன்னைப் பற்றி "ஐ ஹார்ட்லி ஒர்க்" என்று எழுதிவிடக் கூடாது.

இடம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடுமா?

சில சொற்களுக்கு மாறும். 'கிளியர்லி' நல்ல உதாரணம்.

"ஹீ டிடின்ட் எக்ஸ்ப்ளெய்ன் த ரூல் கிளியர்லி." விளக்கினார், ஆனால் தெளிவாக விளக்கவில்லை.

"ஹீ கிளியர்லி டிடின்ட் எக்ஸ்ப்ளெய்ன் த ரூல்." அவர் விளக்கவே இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறது.

கடைசியில் நின்றால் விளக்கத்தின் தரத்தைச் சொல்கிறது. முன்னால் நின்றால் பேசுகிறவரின் தீர்ப்பைச் சொல்கிறது. 'ஹானஸ்ட்லி'யும் அப்படித்தான். "ஷீ ஆன்சர்ட் ஹானஸ்ட்லி" என்றால் அவள் நேர்மையாகப் பதில் சொன்னாள். "ஹானஸ்ட்லி, ஷீ ஆன்சர்ட்" என்றால் 'சத்தியமாகச் சொல்கிறேன், அவள் பதில் சொன்னாள்'. முதல் வாக்கியத்தில் நேர்மை அவளுடையது, இரண்டாவதில் நம்முடையது.

'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் எதையும் வைக்கக் கூடாது என்று படித்தேன். உண்மையா?

அந்தத் தடை 19ஆம் நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் சிலர் பரப்பியது. அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே ஆங்கிலத்தில் அப்படி எழுதியிருக்கிறார்கள். இன்றைய நடை வழிகாட்டிகள் பலவும் இதை அனுமதிக்கின்றன.

சில இடங்களில் பிரிக்காமல் சொல்லவே முடியாது. "வி எக்ஸ்பெக்ட் த நம்பர் டு மோர் தன் டபுள்." இரட்டிப்புக்கும் மேலாகும் என்று எதிர்பார்க்கிறோம். 'மோர் தன்' என்பதை அங்கிருந்து எடுத்து வேறெங்கே வைத்தாலும் வாக்கியம் உடைந்துவிடும். சரி, பழைய விதியில் பிடிவாதமாக இருக்கும் ஒருவர் திருத்தப் போகிற தாள் என்றால் தவிர்த்துவிடுங்கள். மற்றபடி காதுக்கு எது இயல்போ அதுவே போதும்.

வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வினையடை வரவே கூடாதா? "லுக்ட் கேர்ஃபுலி அட்" என்று பார்த்திருக்கிறேனே.

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். "ஹீ லுக்ட் கேர்ஃபுலி அட் த மேப்" சரியான வாக்கியம். 'மேப்'புக்கு முன்னால் 'அட்' இருக்கிறது. அந்தச் சின்னச் சொல் ஏறக்குறைய நம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது, அதனால் வினையை ஒட்டியே நிற்க வேண்டிய கட்டாயம் தளர்கிறது. "ஷீ லிசன்ட் பேஷன்ட்லி டு மீ" என்பதும் அப்படியே. 'அட்', 'டு' இல்லாவிட்டால் கட்டாயம் திரும்பிவிடும்: "ஹீ ஸ்டடீட் த மேப் கேர்ஃபுலி."

செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தாலும் விட்டுக்கொடுப்பார்கள். "ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் கிளியர்லி வாட் ஹேப்பன்ட் ஆஃப்டர் ஐ லெஃப்ட்." இவ்வளவு நீளமான தொடருக்குப் பிறகு 'கிளியர்லி'யை வைத்தால், விளக்குவதைச் சொல்கிறதா, கிளம்பிப் போனதைச் சொல்கிறதா என்று கேட்பவர் யோசிக்க வேண்டியிருக்கும்.

இதைப் பேச்சில் கொண்டுவர எப்படிப் பழகுவது?

விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். பேசும்போது விதியைத் தேட நேரம் இருக்காது. நான் செய்ததைச் சொல்கிறேன்.

தினமும் செய்கிற ஏதாவது ஒரு செயலை எடுத்து ஒரு வாக்கியம் ஆக்குங்கள்: "ஐ செக் மை ஃபோன்." அதில் ஒவ்வொரு சொல்லாகச் செருகி வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஐ ஆல்வேஸ் செக் மை ஃபோன்." "ஐ ரேர்லி செக் மை ஃபோன்." "ஐ ஜஸ்ட் செக்ட் மை ஃபோன்." அப்புறம் துணைவினை சேருங்கள். "ஐ ஹேவ் ஆல்ரெடி செக்ட் மை ஃபோன்." "ஐ ஷுட் ரியலி செக் மை ஃபோன்." அப்புறம் மறுப்பு. "ஐ ப்ராபப்லி வோன்ட் செக் மை ஃபோன்." "ஐ டோன்ட் ரியலி செக் மை ஃபோன்." 'செக் மை ஃபோன்' என்ற மூன்று சொற்களும் எல்லா வாக்கியத்திலும் ஒன்றாகவே வருகின்றன, நடுவில் எதுவும் நுழையவில்லை என்பதை உங்கள் வாயே உணரும்.

ஒரு வாரம் இப்படிச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே "ஐ செக் ஆல்வேஸ் மை ஃபோன்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கு அங்கே இடறும். அந்த இடறல் வந்துவிட்டால் அடுத்த வாக்கியத்துக்குப் போகலாம்.